செஞ்சிக் கோட்டையின் நான்காவது மலை

மேல்மலையனூரிலிருந்து செஞ்சிக்குப் பேருந்தில் போகும்போது உடன் வரும் மாணவர்களிடம் நாங்கள் கேட்பதுண்டு: கோட்டையில் எத்தனை மலை? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்றைச் சொல்வார்கள். நான்காவதாகச் சிறிய மலை ஒன்றும் இருக்கிறது. அதன் பழைய பெயர் சக்கிலிதுர்க்கம். தோல் தொழில் செய்த மக்களின் சாதிப் பெயர். 2025இல் யுனெஸ்கோ செஞ்சியை மராத்தியக் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கும் நேரத்தில், இந்த மலையிலிருந்து அந்தப் போரைப் பார்ப்போம்.

மொகலாயப் பேரரசு செஞ்சி மீது ஏன் படையெடுத்தது? 'இந்து-முஸ்லிம் சண்டை' என்று சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அவுரங்கசீப் முதலில் விழுங்கியது 1686இல் பீஜப்பூரையும் 1687இல் கோல்கொண்டாவையும். இரண்டுமே முஸ்லிம் சுல்தானியங்கள். செஞ்சியை முற்றுகையிட்ட படையிலும் தல்பத் ராவ் போன்ற புந்தேலா ராஜபுத்திரர்கள் இருந்தார்கள்.

காரணம் மதமல்ல, நிலமும் வரியும் கடற்கரையும்தான். விழுங்கிய இரு அரசுகளின் கர்நாடகப் பகுதிகளும் தனக்கே சேர வேண்டும் என்றார் அவுரங்கசீப். சோழமண்டலக் கரையின் துணி வணிகம் பணம் கொழிக்கும் தொழில். 1677இல் சிவாஜி பிடித்த செஞ்சிக்கு, 1689இல் அவர் மகன் ராஜாராம் தப்பி வந்து சேர்ந்தார். அவர் இங்கிருக்கும்வரை மராத்தியப் போர் முடியாது. 1690இல் சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்கினார். எட்டு ஆண்டுகள் நீண்டது.

விளைவு யார் தலையில் விழுந்தது? அதே 1690இல் மராத்தியர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களையெல்லாம் கம்பெனி எடுத்துக்கொண்டது. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். அந்த மண்ணில் உழுதவர்களை யாரும் கேட்கவில்லை. தென்னிந்தியாவைப் போர் சூறையாடிய 1694–96இல், சோழமண்டலத்திலிருந்து தனியார் மட்டும் 3,859 அடிமைகளை டச்சுக்காரர்களின் இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். போரின் கணக்கில் இவர்களையும் சேர்த்தாக வேண்டும்.

இறுதித் தாக்குதலில் தாவூத் கான் ஒரே நாளில் பிடித்தது அந்த நான்காவது மலையைத்தான். வடநாட்டுப் பதிவுகளில் அது 'சமார் கட்'. அங்கும் சாதிப் பெயரே. பிறகு சந்திரகிரி விழுந்தது. ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். 1698 தொடக்கத்தில் செஞ்சி மொகலாயர் கைக்குப் போனது. தப்பித்த அரசரின் கதை நமக்குத் தெரியும். அரண் கட்டக் கல் சுமந்தவர்கள், குதிரைச் சேணமும் தண்ணீர்ப் பையும் தைத்தவர்கள், முற்றுகையில் பசித்தவர்கள் எங்கே தப்பிப் போயிருப்பார்கள்?

இன்றும் ஒரு வல்லரசு அண்டை நாட்டுக்குள் நுழையும்போது, 'பாதுகாப்பு', 'வரலாற்று உரிமை' என்ற சொற்களே முதலில் வருகின்றன. அப்போது நாம் இரண்டு கேள்விகளைக் கேட்போம். எந்த நிலத்துக்காக, எந்தத் துறைமுகத்துக்காக? அந்தக் குண்டு விழும் எல்லைக்குள் யார் வீடு இருக்கிறது?

அடுத்த முறை செஞ்சிக்குப் போனால் ராஜகிரியில் ஏறுங்கள், தோழர்களே. இறங்கி வந்ததும் நான்காவது மலை எது என்று கேளுங்கள்.