திரையில் வந்த மலாயாக் காடு

1932இல் ஃபிராங்க் பக் என்ற டெக்சஸ்காரர் 'பிரிங் எம் பேக் அலைவ்' படத்தால் அமெரிக்காவில் பெரும்பேர் எடுத்தார். இயக்கியவர் கிளைட் எலியட், களம் மலாயாக் காடு. புலியும் மலைப்பாம்பும் கட்டிப்புரளும் காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. அடைப்புக்குள் விட்டு மோதவிட்டுப் படமெடுத்தார்கள் என்ற பேச்சு அப்போதே உண்டு. எனக்கும் அதில் சந்தேகமில்லை.

மலாயாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய எங்கள் அப்பாயிக்கு ஒருமுறை அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். "புலி சண்டைக்கா நிக்கும்? வாடை அடிச்சா நாங்கதான் மங்கையும் உளியையும் போட்டுட்டு வேற நெரைக்கு ஓடுவோம்" என்றார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்குக்கு, நின்றவர்களுக்குத் தெரிந்த காடு அது. அதைத் திருத்திக் கித்தா (ரப்பர்) நட்டதிலும் தமிழர் உழைப்பு இருந்தது. படத்தில் அவர்களைத் தேடாதீர்கள்.

படம் ஓடிய காலத்தில்தான் ரப்பர் விலை அடிமட்டத்துக்கு விழுந்து, ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

எலியட் 1938இல் 'பூலூ' என்று மறுபடியும் மலாயாவைப் படமாக்கினார், இம்முறை வெள்ளைப்புலிக் கதை. பிறகு காட்டுப்படம் எடுப்பதில் நம்மவர்களும் சேர்ந்தார்கள்: 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டாக எடுத்த 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. நம் யானைகளுக்கு ரோமம் போர்த்தி ஆதிகால மாமூத் ஆக்கினார்கள். அப்போது பேராக் தோட்டங்களில் அவசரகாலம், முள்வேலி, ஊரடங்கு. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள்.