ஓநாய்க்கு எழுதிய பிரிவில் ஆடு எங்கே?
(இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 11: ஒரு விளக்கவுரை)

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ச் செம்மண் தோட்டங்களில் ஆட்டையும் மாட்டையும் பட்டியில் அடைத்து நிலத்துக்கு எரு ஏற்றுவது பழைய வழக்கம். பட்டிக்காரனுக்கு இரவில் இங்கே உள்ள பயம் கள்ளனும் கட்டாக்காலி நாயும்தான். இதே தொழிலைத் இந்தியாவின் தக்காணத்தில் தன்கர், குருபர் என்ற இடையர் சமூகத்தினர் ஊர் ஊராக நடந்து செய்கிறார்கள். அவர்களுடைய பட்டியைச் சுற்றி ஓநாய் திரிகிறது. அந்த ஓநாயோ 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் புலி, யானையோடு ஒரே வரிசையில் இருக்கிறது. பிரிவு 9 அதை வேட்டையாடத் தடை விதிக்கிறது. அந்தத் தடைக்கான விலக்கைப் பிரிவு 11 சொல்கிறது. இடையனுக்கும் ஓநாய்க்கும் உள்ள வழக்கு இந்தப் பிரிவுக்குள் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். மூலத்தின் கருத்து மட்டும் என் தமிழில்.

11(1)(அ): முதலாம் அட்டவணை விலங்கொன்று மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது தேற முடியாதபடி ஊனமோ நோயோ உற்றது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் கண்டால், காரணத்தை எழுதி ஆணையிட்டு, அதை வேட்டையாட அனுமதிக்கலாம்.

அனுமதி தருபவர் மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளர். பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வனக்காவலருக்கு அந்த அதிகாரம் இல்லை. காரணங்கள் இரண்டே: மனித உயிர், விலங்கின் தேறாத நிலை. கால்நடை இந்த உட்பிரிவில் எங்கும் இல்லை. எத்தனை ஆடு போனாலும் இந்த வழியால் ஆணை வராது.

இந்த இறுக்கத்துக்கு நியாயம் உண்டு. பிரித்தானிய ஆட்சி ஓநாய்த் தலைக்குப் பணம் கொடுத்தது. 1875 முதல் 1925 வரையான ஐம்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2 இலட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார். இன்று இந்தியாவில் மிஞ்சியிருப்பவை சுமார் 3,000. ஆட்டைக் கொன்றது என்பதும் சாட்டாக இருந்தபோது நடந்த அழிவு அது. அந்தச் சாட்டைச் சட்டம் எடுத்துவிட்டது.

ஆனால், மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தண்டனை இவ்வளவு பெரிதானால் கொலை நிற்பதில்லை, மறைகிறது. குகைக்குள் புகை போட்டுக் குட்டிகளைக் கொல்வது, செத்த ஆட்டில் நஞ்சு வைப்பது என்று சத்தமில்லாத வழிகள் இருக்கின்றன. நஞ்சு வைப்பதும் சட்டத்தின் வரைவிலக்கணப்படி வேட்டைதான். ஆனால் வெட்டவெளியில் அதைக் கண்டுபிடிப்பவர் யார்?

11(1)(அ)வின் வரம்புரை: பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று தெளிந்தால் ஒழியக் கொல்ல ஆணையிடலாகாது.

இதற்கு எடுத்துக்காட்டு உத்தரப்பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டம். 2024இல் மஹ்சி வட்டாரக் கிராமங்களில் ஓநாய்கள் மனிதரைத் தாக்கின. இறந்தவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள். வனத்துறை ‘ஆபரேஷன் பேடியா’ நடத்திக் கூண்டும் ட்ரோனும் கொண்டு ஆறில் ஐந்தைப் பிடித்தது. ஆறாவது அகப்படவில்லை. ஒக்டோபரில் ஆடொன்றைப் பிடிக்க வந்தபோது ஊர்ச்சனம் அதை அடித்துக் கொன்றது. முதலில் பிடி என்ற வரம்புரையை அரசு பின்பற்றியது. முடிவை ஆட்டுக்காரர் எழுதினர்.

11(1)(ஆ): இரண்டாம் அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தானால், காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ அனுமதிக்கலாம்.

உடைமை என்ற பேச்சு இங்கேதான் முதன்முறை வருகிறது. காட்டுப்பன்றியும் நீல்காயும் பயிரை அழித்தால் விவசாயிக்கு வழி உண்டு, அதிகாரியும் கிட்டத்தில் உண்டு. பிரிவு 62 இன்னும் ஒரு படி மேலே போய், இத்தகைய விலங்கைத் தொல்லை விலங்கு என்று மத்திய அரசே அறிவிக்க இடம் தருகிறது. பீகாரில் நீல்காய் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது. முதலாம் அட்டவணைக்கு அந்த அறிவிப்பும் கிடையாது. ஆக, ஆடும் உடைமைதான், பயிரும் உடைமைதான். தின்ற விலங்கின் வரிசையே இழந்தவனின் உரிமையைத் தீர்மானிக்கிறது.

11(2): தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் வனவிலங்கைக் கொல்வதும் காயப்படுத்துவதும் குற்றமல்ல. அந்த வேளையில் இச்சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு இது பொருந்தாது.

காக்கப்படுவது ஆள் மட்டுமே. நோர்வேயில் 2009இல் வந்த இயற்கைப் பன்மைச் சட்டம் இந்த இடத்தில் வேறு வழி போகிறது. கால்நடையையோ துருவமானையோ விலங்கு நேரடியாகத் தாக்கும்போது உரிமையாளர் அதைக் கொல்லலாம் என்று மந்தையைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. யாழ்ப்பாணத்தார் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய்க் குடியேறிய பின்மார்க் மாகாணம் சாமி இனத்தவரின் துருவமான் மேய்ச்சல் நிலம். அங்கும் சண்டை ஓயவில்லை. ஆனாலும் மேய்ப்பர் சட்டத்தில் ஒரு வரி பெற்றிருக்கிறார்.

11(2)இன் பின்பாதி இன்னும் கடினம். தன் புல்வெளி சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், அனுமதியின்றி மேய்க்கும் இடையன் ஏற்கெனவே மீறியவன். ஓநாய் அவன்மேலேயே பாய்ந்தாலும் இந்தக் காப்பு கேள்விக்குள்ளாகும்.

நல்லெண்ணம் என்பதற்கும் எல்லை உண்டு. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊரவர் அடித்துக் கொன்றனர். காணொளி பரவியதும் கைதுகள் தொடர்ந்தன. அது இலங்கைச் சட்டம், என்றாலும் பாடம் ஒன்றுதான்: ஆபத்து நீங்கியபின் விழும் அடி தற்காப்பாகாது.

11(3): அவ்வாறு கொல்லப்பட்ட விலங்கு அரசின் உடைமை.

சிறிய வரி, பெரிய விடயம். செத்த ஓநாய் அரசுடையது. அது செத்துப்போகும்வரை தின்றது இடையனுடையது. இழப்பீடு இந்தப் பிரிவில் இல்லை. அது மாநில அரசாணைகளில் இருக்கிறது. அதைப் பெறச் சடலம் வேண்டும், குறித்த நேரத்துக்குள் அறிவிப்பு வேண்டும், கால்நடை வைத்தியரின் சான்று வேண்டும். ஓநாய் ஆட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு போனால் சடலம் ஏது? நாளைக்கு அடுத்த ஊருக்கு நடக்கிறவன் அலுவலகப் படியில் எத்தனை நாள் நிற்பான்?

சுவீடன் 1996இல் இந்தச் சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்தது. செத்த துருவமானை எண்ணுவதை விட்டுவிட்டு, மேய்ச்சல் நிலத்தில் எத்தனை ஊனுண்ணிகள் குட்டி ஈன்றன என்று எண்ணி மேய்ப்பர் சமூகத்துக்குப் பணம் கொடுக்கிறது. ஓநாய் உயிரோடிருந்தால்தான் காசு. சடலமும் தேவையில்லை, சான்றும் தேவையில்லை.

இப்பிரிவினாற் பெறப்படுவது: ஓநாயைக் காப்பது சரி, அந்தச் செலவை இடையன்மேல் ஏற்றியது பிழை. முதலாம் அட்டவணையிலிருந்து ஓநாயை இறக்க வேண்டாம். உட்பிரிவு (அ)வைத் தளர்த்தவும் வேண்டாம். ஓநாய்க் குகை உள்ள புல்வெளிக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்து, அதைப் பட்டி போடும் சமூகங்களுக்குப் பகிரும் ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். அரசின் விலங்குக்கு அரசே தீனிச் செலவு கொடுக்கட்டும்.