வெற்றிடம் (17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்)

காற்று உட்பட எந்தப் பொருளும் இல்லாத இடம் வெற்றிடம். அப்படியோர் இடம் இருக்கவே முடியாது என்பது அரிஸ்டாட்டிலின் முடிவு. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் அதை, ‘இயற்கை வெறுமையை வெறுக்கிறது’ என்று சுருக்கி வாய்பாடுபோல் கற்பித்தன. உறிஞ்சு பம்பில் நீர் ஏறுவதற்கும் அதுவே காரணம் என்றார்கள்.

ஆனால் பம்பு ஓர் அளவுக்கு மேல் நீரைத் தூக்க மறுத்தது. சுமார் 10 மீட்டர்தான். அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் நீர் வராது. 1638இல் லைடனில் அச்சான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் கலிலியோ இதைப் பேசினார். நீளம் கூடினால் கயிறு தன் எடையாலேயே அறுவதுபோல நீர்த்தூணும் அறுகிறது என்றார். விளக்கம் தவறு, ஆனால், இயற்கையின் வெறுப்புக்கு 10 மீட்டர் எல்லை ஏன் என்ற சங்கடமான கேள்வி அதன் பிறகு ஓயவில்லை.

விடை 1644இல் பிளாரன்சில் கிடைத்தது. நீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தி விரலை எடுத்தால் என்ன ஆகும் என்று இத்தாலியக் கணிதவியலர் டாரிசெல்லி யோசித்தார். செய்து பார்த்தவர் கலிலியோவின் மாணவர் விவியானி. பாதரசம் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது. மேலே வெறும் இடம். உச்சியில் பெரிய குமிழ் உள்ள குழாயை வைத்தாலும் உயரம் மாறவில்லை. உள்ளிருக்கும் வெறுமைதான் இழுக்கிறது என்றால், வெறுமை பெருகும்போது இழுப்பும் கூடியிருக்க வேண்டுமே! ஆகவே உள்ளே எதுவும் இழுக்கவில்லை, வெளியே காற்றின் எடை கிண்ணத்தை அழுத்துகிறது என்றார் டாரிசெல்லி. பள்ளிப் பாடத்தில் 76 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தவறவிட்டது இந்தக் குமிழைத்தான்.

காற்றுக்கு எடை உண்டென்றால் மலைமேல் அந்த எடை குறைய வேண்டும். இதைச் சோதிக்க விரும்பிய பிரெஞ்சுக் கணிதவியலர் பாஸ்கல் உடல்நலம் குன்றியவர். அவர் வேண்டியபடி மைத்துனர் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் புய் தே தோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் 8 செ.மீ.க்கு மேல் தாழ்ந்தது. அடிவாரத்து கிளெர்மோன் நகர மடத்துத் தோட்டத்தில் வைத்த இன்னொரு குழாயை நாள் முழுக்க ஒரு துறவி பார்த்துக்கொண்டிருந்தார், அதில் மாற்றமில்லை. மலையில் சோதிக்கும் யோசனையைச் சொன்னதே தான்தான் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் பின்னர் உரிமை கொண்டாடினார். வேடிக்கை என்னவென்றால், அவர் வெற்றிடத்தை ஏற்காதவர். இடத்தை அடைப்பதே பொருளின் இயல்பு, ஆகவே இடம் இருந்தால் பொருளும் இருக்கும் என்பது அவர் வாதம். குழாயின் உச்சியில் கண்ணாடித் துளைகள் வழியே நுண்பொருள் புகுந்திருக்கிறது என்றார். காற்றின் எடையை ஏற்கலாம், வெற்றிடத்தை மறுக்கலாம். சோதனை முதலாவதைத்தான் நிறுவியது.

ஜெர்மனியின் மக்டெபர்க் நகரத் தலைவர் கெரிக்கே காற்றை வெளியேற்றும் பம்பு செய்து, உள்ளிருந்த காற்றை அகற்றியதால் ஒட்டிய இரு செப்பு அரைக்கோளங்களைக் குதிரைகள் பூட்டி இழுக்கவைத்தார். அந்தக் காட்சியே இன்று புகழ்பெற்றது. சிந்தனையில் ஆழமான விளைவு ஆக்ஸ்போர்டில் நேர்ந்தது. ராபர்ட் ஹூக்கின் உதவியுடன் பம்பு அமைத்த ராபர்ட் பாயில், 1660இல் 43 சோதனைகளை வெளியிட்டார். வெற்றிடம் உண்டா இல்லையா என்ற வழக்கிலேயே அவர் இறங்கவில்லை. கண்டதைக் கண்டபடி, சாட்சிகளோடு, தோற்ற சோதனைகளையும் சேர்த்து எழுதினார்.

மறு ஆண்டே ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் எதிர்நூல் எழுதினார். பம்பில் காற்று கசிகிறது என்றார், அது உண்மையும்கூட. வடிவியல்போல் காரணத்திலிருந்து தொடங்காத எதுவும் தத்துவமாகாது என்பது அவருடைய பெரிய குற்றச்சாட்டு. ஹாப்ஸைக் கிழட்டுப் பிடிவாதக்காரராக ஒதுக்குவது நியாயமல்ல. ஒரு சிலர் கூடிப் பார்த்ததை ஊர் எப்படி நம்புவது என்ற அவர் கேள்வி கூர்மையானது. பிரான்சிஸ் லைன் என்ற இயேசு சபைத் துறவியின் மறுப்புக்குப் பதில் தரும்போதுதான், 1662இல், காற்றின் அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் மாறும் என்ற பாயில் விதி பிறந்தது.

லைப்னிட்ஸ் 1716இல் இறக்கும்வரை நியூட்டன் தரப்போடு வெற்றிடம் பற்றி வழக்காடினார். அதற்கு 4 ஆண்டு முன்பே இங்கிலாந்தின் டட்லி அருகே, நிலக்கரிச் சுரங்கத்தில் நியூகோமனின் எந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது: உருளையில் நீராவி குளிர்ந்து வெறுமை உண்டாக, காற்றின் எடை பிஸ்டனை இறக்கும், அதனோடு இணைந்த உத்தரத்தின் மறுமுனையில் பம்பு, ஆழத்து நீரை மேலே தள்ளும்.