ஞோக்கிக்கு ஊட்டிக் கிழங்கு

புதுச்சேரியில் வாயில் நுழையாத பெயருள்ள எந்தப் பண்டத்தைக் கண்டாலும் அதைப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொத்து என்று சொல்லிவிடுவோம். பாகெத் ரொட்டிக்கு அது பொருந்தும். கிறிஸ்துமஸுக்கு ரவை போட்டுச் சுடும் விவிக்கம் கேக்குக்கும் ஓரளவு பொருந்தும். ஞோக்கிக்குப் பொருந்தவே பொருந்தாது. அவித்த உருளைக்கிழங்கை மசித்து, கொஞ்சம் மைதா சேர்த்து, விரல்கடை அளவுக்கு வெட்டி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு எடுக்கும் இத்தாலியப் பண்டம் அது. நம் அம்மிணிக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கும். கடற்கரைச் சாலை ஓட்டல்களில் ‘பிரெஞ்சு - கிரியோல்’ என்று தலைப்புப் போட்ட பட்டியலின் கீழ் இதையும் அச்சடித்து வைத்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால், இந்த உருண்டை இங்கே வந்த வழி வேறு. அதற்குள் இருக்கும் கிழங்கு வந்த வழி வேறு. இரண்டுமே பிரெஞ்சு ஆட்சியின் நேர்வழியில் வரவில்லை.

கிழங்கிலிருந்து தொடங்கலாம். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில், டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய உயரமான நிலங்களில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருளைக்கிழங்கைப் பயிராக்கியிருந்தார்கள். இரவில் உறையவிட்டு, பகலில் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, காயவைத்து ஆண்டுக்கணக்கில் சேமிக்கவும் தெரிந்திருந்தது. கிழங்கின் தண்ணீரை எப்படி ஒழிப்பது என்ற தலைவலி அவர்களிடமே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞோக்கியின் கதை முழுக்க அந்தத் தலைவலிதான். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதைக் கப்பலேற்றினார்கள். 1573-இல் செவில் நகரத்து மருத்துவமனைக் கணக்கில் உருளைக்கிழங்கு வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது.

ஞோக்கி அதற்கும் மூத்தது. வெரோனா நகரத்தில் நோன்புக் காலத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஞோக்கித் திருவிழா நடக்கிறது. அதன் தொடக்கத்தை 1530-களில் வந்த ஒரு பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கதை உண்மையானால், அன்று வெந்தது மாவு உருண்டையாகத்தான் இருந்திருக்க வேண்டும். மாவு, காய்ந்த ரொட்டித் தூள், பாலாடைக்கட்டி, ரவை என்று கையில் கிடைத்ததை உருட்டியவர்கள் இத்தாலியர்கள். அந்த உருண்டைக்குள் உருளைக்கிழங்கு குடியேற இன்னும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1891-இல் ஃபிளாரன்ஸில் பெல்லெக்ரீனோ அர்துசி சொந்தச் செலவில் அச்சிட்ட சமையல் புத்தகத்தில் உருளைக்கிழங்கு ஞோக்கிக்கு அளவே கொடுத்திருக்கிறார்: 400 கிராம் கிழங்குக்கு 150 கிராம் கோதுமை மாவு. மாவைக் குறைத்துவிட்ட ஒரு பெண்மணி கரண்டியை விட்டுக் கிளறியதும் பானையில் ஞோக்கியே காணாமல் போன கதையையும் அவர் சொல்கிறார். எல்லாம் கரைந்து கஞ்சியாகிவிட்டது!

பிரெஞ்சுக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு மேல் நெடுநாள் சந்தேகம் இருந்தது. தின்றால் தொழுநோய் வரும் என்றுகூடப் பயந்தார்கள். அதைப் போக்கப் பாடுபட்டவர் அந்துவான் பார்மாந்தியே என்ற படை மருந்தாளர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் பிடிபட்டுச் சிறையில் கிடந்தபோது அவருக்குக் கிடைத்த சாப்பாடு உருளைக்கிழங்கு. நோய் வரவில்லை; உடம்பு நன்றாகவே இருந்தது. ஊர் திரும்பி வாழ்நாள் முழுக்க அதற்கு வக்காலத்து வாங்கினார். அதே ஏழாண்டுப் போரின் இன்னொரு முனை நம் ஊர். பல மாத முற்றுகைக்குப் பிறகு 1761 ஜனவரி 16 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். ஊருக்குள் சிக்கியிருந்தவர்கள் குதிரையையும் ஒட்டகத்தையும் அறுத்துத் தின்னும் நிலைக்குப் போயிருந்தார்கள். கோட்டையும் வெள்ளையர் நகரமும் தரைமட்டமாயின. இந்த நகரத்தின் அன்றாடத்தை இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதே ஜனவரியில், சரணடைவதற்குச் சில நாள் முன்னால், கண்ணை மூடினார். ஆக, பிரான்ஸ் உருளைக்கிழங்கை ஏற்றுக்கொள்ளப் பழகிய காலமும் புதுச்சேரி இடிந்து மறுபடி எழுந்த காலமும் ஒன்று. பிரான்ஸே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்ததை அது நமக்கு என்னவென்று கற்பித்திருக்கும்?

இதற்கெல்லாம் முன்பே நடந்த ஒரு வேடிக்கை. பிரெஞ்சுப் புதுச்சேரியை நிலைநிறுத்திய பிரான்சுவா மார்த்தேனின் நண்பர் ஒருவர் இத்தாலியர், வெனிஸ்காரர். முகலாயர் வரலாறு எழுதிய நிக்கோலாவ் மனூச்சிதான் அவர். மார்த்தேனின் யோசனைப்படி மதராசில் ஒரு விதவையை மணந்துகொண்டு அங்கேயே குடியமர்ந்தார், புதுச்சேரிக்கும் வந்துபோனார். உருளைக்கிழங்கு ஞோக்கியை அவர் கனவிலும் கண்டிருக்க முடியாது. இத்தாலியன் முதலில் வந்துவிட்டான், இத்தாலியப் பண்டம் ஏறக்குறைய 300 ஆண்டு பின்தங்கிவிட்டது.

கிழங்கு நம் பக்கம் வந்தது மலை வழியாக. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். அவரோடு ஐரோப்பியக் காய்கறிகளும் ஏறின, உருளைக்கிழங்கும் அதில் ஒன்று. 1830-களின் தொடக்கத்தில் ஊட்டிக்குக் கீழே கேத்திப் பள்ளத்தாக்கில் மதராஸ் அரசாங்கம் ஒரு சோதனைப் பண்ணை வைத்தது. சில ஆண்டுகளிலேயே அதை மூடிவிட்டது. மூடிய பண்ணையின் வீட்டை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? புதுச்சேரி கவர்னர் மார்க்கி த சேன்-சிமோனுக்கு. நம் ஊர் வெயில் தாங்காமல் அவர் குளிருக்கு ஒதுங்கிய இடம் அது. பெரோத்தே என்ற தாவரவியலாளரும் அந்தக் காலத்தில் கேத்தியில் இருந்து, பண்ணையில் கேட்பாரற்றுக் கிடந்த தேயிலைச் செடிகளைக் கவனித்து வளர்த்தார். பின்னாளில் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டு, 1870-இல் இங்கேயே இறந்தார். தேயிலை வரலாறு எழுதுகிறவர்கள் பெரோத்தேயை மறப்பதில்லை. எனக்கோ கேத்தி என்றால் உருளைக்கிழங்கும் காரட்டும் படிக்கட்டு படிக்கட்டாக நிற்கும் இன்றைய பள்ளத்தாக்குதான் நினைவுக்கு வரும். புதுச்சேரிக்கும் உருளைக்கிழங்குக்கும் உள்ள உறவைத் தேடுகிறவர் டூப்ளே வீதியில் தேடிப் பயனில்லை. கேத்திக்குப் பஸ் ஏற வேண்டும்.

நீலகிரியில் கிழங்கு மூன்று போகம்: கார்போகம், கடைபோகம், நீர்போகம். வடக்கே கங்கைச் சமவெளியில் குளிர்காலம் ஒன்றை நம்பிப் போட்டு, அறுவடையைக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கி ஆண்டெல்லாம் விற்கிறார்கள். மலைக்கு அந்த அவசியம் குறைவு. ஆனால் 1961-இல் மலைக்கு ஒரு சனியன் பிடித்தது. வேரைத் தின்னும் பொன்னிற முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரி மண்ணில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. முத்தோரையில் 1957-இல் தொடங்கியிருந்த மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. 1968-இல் குஃப்ரி ஜோதி என்ற ரகம் வந்தது. அது இலைக்கருகலைத் தாங்கியது. நூற்புழுவையும் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா 1985-இல் வந்தது. அதற்குள் பலர் தேயிலைக்கும் காரட்டுக்கும் மாறிவிட்டார்கள். மிச்சம் விளைவது மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போய் லாரியேறுகிறது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில், அதாவது குபேர் அங்காடியில், “ஊட்டியா, ஆக்ராவாண்ணே?” என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும் அது கிடைக்கிறது. விலை கூடுதல்தான். வறுவலுக்கும் மசாலாவுக்கும் எது இருந்தாலும் நடக்கும், ஞோக்கிக்கு நடக்காது.

பண்டம் வந்த வழியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். பிரெஞ்சுச் சமையலில் ‘பாரிஸ் பாணி ஞோக்கி’ என்று ஒன்று உண்டு. அது தண்ணீர், வெண்ணெய், மாவு, முட்டை சேர்த்து அடுப்பில் கிண்டும் களியிலிருந்து செய்வது, அதில் கிழங்கு கிடையாது. கிழங்கு ஞோக்கி செய்யும் நீஸ் நகரமோ 1860-இல்தான் பிரான்ஸோடு சேர்ந்தது. இங்கே பிரெஞ்சுக் கொடி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு, 1968 பிப்ரவரி 28 அன்று ஊருக்கு வடக்கே செம்மண் காட்டில் ஆரோவில் தொடங்கியது. அங்கே வந்து குடியேறியவர்களில் இத்தாலியர்களும் உண்டு. அவர்களுடைய அடுப்பிலிருந்தும், குயிலாப்பாளையம் பக்கம் முளைத்த இத்தாலிய உணவகங்களிலிருந்தும்தான் ஞோக்கி நகரத்துக்குள் இறங்கியது என்பது என் கணிப்பு. ஆரோவிலின் லா ஃபெர்ம் பண்ணையிலேயே பாலாடைக்கட்டியும் செய்ததால் மேலே துருவிப் போடவும் பஞ்சமில்லை.

இனி நம் அடுப்படி. ஞோக்கி கெட்டுப்போகிறதென்றால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் ஈரம். கிழங்கில் தண்ணீர் அதிகமானால் மாவு அதிகம் கேட்கும். மாவு அதிகமானால் ரப்பர் மாதிரி இழுக்கும். மாவைக் குறைத்தால் அர்துசி பார்த்த பெண்மணியின் கதிதான். அதனால் தோல் உரியும் புதுக்கிழங்கைத் தொடவே வேண்டாம், அதில் மாவுச்சத்து குறைவு, தண்ணீர் அதிகம். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்ததிலும் ஒரு சங்கடம் உண்டு. 2 முதல் 4 டிகிரி குளிரில் கிடக்கும் கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும், அதனால் இனிக்கும். சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். 11 கப் தண்ணீரில் ஒரு கப் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போட்டால், மாவுக்கிழங்கு மூழ்கும், தண்ணீர்க்கிழங்கு மிதக்கும். மூழ்கினது ஞோக்கிக்கு, மிதந்தது குழம்புக்கு.

அரை கிலோவைத் தோலோடு, முழுசாக, இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். குக்கரில் தண்ணீருக்குள் அமுக்கி மூன்று விசில் விட்டால் தோல் வெடித்து உள்ளே தண்ணீர் ஏறிவிடும். வெந்ததும் சூட்டோடு தோலுரித்து இடியாப்ப அச்சில் போட்டுப் பிழியுங்கள். இத்தாலியர் இதற்கென்று ஒரு பிழியும் கருவி வைத்திருக்கிறார்கள்; நம் வீட்டில் இருப்பது அதைவிட உறுதியானது. மிக்சியில் மட்டும் அடித்துவிடாதீர்கள். கிழங்கின் செல்கள் உடைந்து, உள்ளே வெந்து ஊறிய மாவுச்சத்தெல்லாம் வெளியே வந்து, சுவரொட்டி ஒட்டும் பசையாகிவிடும். அச்சு செல்களை அதிகம் உடைக்காமல் பிரித்துவிடுகிறது, சூடாக இருந்தால் இன்னும் சுலபமாகப் பிரியும். பிழிந்ததை அகலத் தட்டில் பரப்பி ஆவி போகவிடுங்கள். மூடி வைக்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றில் மைதாவே ஈரம் குடித்துத்தான் இருக்கும். அதனால் புத்தக அளவை வேதவாக்காக எடுக்காமல் 125 கிராமில் தொடங்குங்கள். உப்பு, விரும்பினால் ஒரு மஞ்சள் கரு. சப்பாத்தி மாவைப் பிசைவதுபோலக் குத்திப் பிசைய வேண்டாம், ஒன்றுசேரும் வரை அமுக்கினால் போதும்.

கைப்பழக்கம் வரும்வரை எல்லாவற்றையும் வெட்டிவிடாமல் முதலில் ஒன்றே ஒன்றைக் கொதிநீரில் விட்டுப் பாருங்கள். கரைந்தால் இன்னும் ஒரு பிடி மாவு சேர்க்கலாம். திரண்டு நின்றால் மிச்சத்தை விரல் கனத்துக்குக் கயிறாக உருட்டி வெட்டி, முள்கரண்டியின் முதுகில் ஒரு இழுப்பு. அந்த வரிகள் அழகுக்காக இல்லை, சாறு ஒட்ட. பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் தளதளக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மேலே மிதக்கும். அரை நிமிடம் விட்டு ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுங்கள்.

சாற்றுக்குத் தக்காளியும் பூண்டும் வெண்ணெயும் போதும். இத்தாலியன் மேலே தூவும் பேசில் இலைக்குப் பெரிய கடைகளில் அலைய வேண்டியதில்லை. பூக்காரம்மா மாலையில் வைத்துக் கட்டும் திருநீற்றுப் பச்சிலை அதே இனம். வாசனை மட்டும் சற்றுக் காட்டமாக இருக்கும், பாதி போடுங்கள். மாலைக்கு வந்ததில் பூச்சிமருந்து இருக்கலாம், ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்வது நல்லது. வெண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்டினாலும் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதற்கும் ‘பாரம்பரிய கிரியோல் ஞோக்கி’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள். அது நீங்கள் இன்றைக்குச் செய்தது.

பிசைந்த மாவை நாளைக்கு என்று ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்காதீர்கள், விடிவதற்குள் தண்ணீர் விட்டு இளகிவிடும். வெட்டியதைத் தட்டில் தனித்தனியாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்தால் மட்டுமே நிற்கும். எடுத்து இளகவிடாமல் நேராகக் கொதிநீரில் போட வேண்டும்.