பிரண்டையும் மாத்திரையும்

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைச் சாலையிலுள்ள குச்சவெளி வறண்ட கரையோரம்; பிரண்டைக்கு ஏற்ற மண். முறிந்த எலும்பைக் கூட்டும் கொடி என்று நாட்டு வைத்தியர்கள் அதை நெடுங்காலம் நம்பினார்கள். 1960களில் காசியில் உடுப்பா, பிரசாத் என்ற ஆய்வாளர்கள் அதை விலங்குகளில் சோதித்தார்கள். முறிவு விரைவாகவே கூடியது.

ஆனால் முறிவு வேறு, எலும்பு மெலிந்து நொய்ந்துபோகும் எலும்புப்புரை வேறு.

மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புப்புரையை ஈஸ்ட்ரோஜன் குறைவோடு 1941இல் இணைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். அதன்பின் ஹார்மோன் சிகிச்சை பல்லாண்டு கோலோச்சியது. 2002இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு, ஹார்மோன் கூட்டு மாத்திரையால் இடுப்பெலும்பு முறிவு குறைவதையும், மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடுவதையும் ஒருசேரக் காட்டியது. அதனால், 1995இலேயே அமெரிக்க அனுமதி பெற்றிருந்த எலும்புப்புரை மாத்திரையான அலெண்ட்ரோனேட்டுக்கு மவுசு கூடியது. அதை வெறும் வயிற்றில் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்கவேண்டும்.

பிரண்டைத் துவையலுக்கு அந்தத் தொல்லையில்லை. நாக்கு அரிக்காமலிருக்கப் புளி போதும். அலெண்ட்ரோனேட்டுக்குள்ள அளவு சான்றுதான் அதற்கு இல்லை.