'நான் எழுதிய சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ண ஆள் வேணும்': நம்பிச் சேரலாமா? என்னவெல்லாம் கேட்கணும்?

பத்து பேர் வேலை பார்க்கும் சின்ன அலுவலகம். யாருக்கு எந்த வேலை, எப்போ முடிக்கணும், பில் போட்டாச்சா இல்லையா எல்லாமே ஒரு எக்செல் ஷீட்டில்தான் ஓடும். ஷீட் பெருத்துப்போய் திறக்கவே நேரமாகும்போது, கோடிங் தெரிந்த ஒருவர் "இதுக்கு நானே ஒண்ணு எழுதிடறேன்" என்று உட்காருவார். சில மாதங்களில் டேட்டாபேஸ் தயார். அவருடைய அலுவலகத்தில் நன்றாகவே ஓடும். அதன் பிறகுதான் இந்த அறிவிப்பு வரும்: "ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் ஒன்று செய்திருக்கிறேன். இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்து குறைகளைச் சொல்ல ஆட்கள் தேவை."

இப்படிக் கேட்பது புதிதல்ல. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி மற்றவர்களின் கருத்தைக் கேட்டார். அதுதான் பின்னாளில் லினக்ஸ் ஆனது. ஆனால் எல்லா வீட்டு சாஃப்ட்வேரும் லினக்ஸ் இல்லை. அதனால் சேரும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

எழுதியவரே டெஸ்ட் பண்ணக் கூடாதா?

பண்ணலாம், பண்ணவும் செய்வார். பிரச்னை என்னவென்றால், எந்த பட்டனை எப்போது அழுத்தணும் என்பது அவருக்குத் தெரியும். தேதியை எப்படி எழுதணும் என்பதும் தெரியும். தன் வீட்டு இருட்டில் கை நீட்டி ஸ்விட்ச் போடுகிற மாதிரிதான். வெளியாள் வந்தால்தான் எங்கே இடிக்குது என்று தெரியும்.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 05/04 என்று போட்டால் நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க முறையில் அமைத்த டேட்டாபேஸுக்கு அது மே 4. ஒரு ப்ராஜெக்டின் கடைசித் தேதி ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது.

பெயர் இன்னொரு சிக்கல். முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் கட்டாயம் நிரப்பச் சொல்லும் படிவத்தில், இனிஷியல் மட்டுமே வைத்திருக்கும் நம்மாட்கள் என்ன போடுவார்கள்? அப்பா பெயரையா, ஒரு புள்ளியையா? தமிழில் எழுதினால் வேறொரு தலைவலி. 'முத்துலட்சுமி' என்ற பெயர் நம் கணக்கில் 7 எழுத்து. கம்ப்யூட்டர் அதை 13 குறியீடுகளாகப் பிரித்து, யூடிஎஃப்-8 முறையில் 39 பைட்டாகச் சேமிக்கிறது. பெயருக்கு 30 பைட் போதும் என்று எழுதியவர் முடிவு செய்திருந்தால் முத்துலட்சுமி பாதியில் அறுந்துபோவார். ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்துப் பார்த்தவருக்கு இது கடைசி வரை தெரியாது.

டேட்டாபேஸ் என்றால் ஏன் கூடுதல் கவனம்?

கேம் ஆப் நடுவில் நின்றுபோனால் திரும்பத் திறந்துகொள்ளலாம். டேட்டாபேஸில் பிழை வந்தால் சத்தமே இல்லாமல் தகவல் போய்விடும். 2020-ல் இங்கிலாந்தில் நடந்தது இதற்கு உதாரணம். கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் அதிகபட்சம் 65,536 வரிசைகளைத்தான் தாங்கும். 15,841 பேரின் பாசிட்டிவ் முடிவுகள் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான தினசரிக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. ஒரு நாட்டின் பொது சுகாதார அமைப்புக்கே இந்த கதி என்றால், தனி ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிய சாஃப்ட்வேரை எவ்வளவு நம்பலாம்?

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே வேலையைத் திறந்து திருத்தினால் என்ன ஆகும் என்பதும் முக்கியமான சோதனை. சரியாக எழுதாத சாஃப்ட்வேரில், கடைசியாக 'சேவ்' போட்டவர் எழுதியதே நிற்கும், முந்தையவர் எழுதியது காணாமல் போகும். வீட்டு சாஃப்ட்வேர்களில் அதிகம் பயன்படும் எஸ்க்யூலைட்டில் ஒரு கோப்பில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அந்தக் கோப்பை அலுவலக நெட்வொர்க் டிரைவில் வைத்துப் பலரும் திறப்பது ஆபத்து என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதியிருந்தால் ஒரு கோப்பு 2 ஜிபி-யைத் தாண்டாது. தனியாக உட்கார்ந்து எழுதும்போது இதெல்லாம் கண்ணிலேயே படாது.

எத்தனை பேர் தேவை?

நிறைய பேர் என்று நினைப்போம். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் சொன்ன கணக்கு வேறு: 5 பேர் பயன்படுத்திப் பார்த்தாலே, பயன்படுத்துவதில் உள்ள சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். இதை மறுப்பவர்களும் உண்டு. ஆனாலும் நூறு பேரைத் தேடி அலைவதற்குப் பதில், உண்மையிலேயே உட்கார்ந்து பார்க்கும் ஐந்து பேர் கிடைத்தால் பெரிய விஷயம்.

ஆண்ட்ராய்டு ஆப் என்றால் கூகுளே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் டெவலப்பர் கணக்குகள், ஆப்பை ப்ளே ஸ்டோரில் பொதுவாக வெளியிடும் முன் தொடர்ந்து 14 நாட்கள் டெஸ்டர்களை வைத்துச் சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது, பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். 'டெஸ்டர் தேவை' அறிவிப்புகள் பெருகியதில் இந்த விதிக்கும் பங்கு உண்டு. "நீ என்னோடதுல சேரு, நான் உன்னோடதுல சேர்றேன்" என்று பண்டமாற்று வேறு நடக்கிறது. எண்ணிக்கைக்கு அது உதவலாம், குறை கண்டுபிடிக்க உதவாது.

சேரும் முன் கேட்க வேண்டியது

முதல் விதி: உங்கள் அலுவலகத்தின் உண்மையான தகவலை அதில் ஏற்றாதீர்கள். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், சம்பளக் கணக்கு எதுவும் வேண்டாம். கற்பனைப் பெயர்களை வைத்து நிஜ வேலை போலவே நடத்திப் பாருங்கள். அந்தத் தகவலெல்லாம் உங்களை நம்பி மற்றவர்கள் கொடுத்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காக்கத் தேவையான ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. "சும்மா டெஸ்ட்டுக்குத்தான் போட்டோம்" என்பது பதிலாகாது.

அடுத்து, நாம் போடும் தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது, அதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். சிஎஸ்வி கோப்பாக எடுக்க முடிந்தால் நல்லது. அந்தக் கோப்பை எக்செலில் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரிந்தால் அதுவும் சொல்ல வேண்டிய குறைதான்.

ஏமாற்றுக்காரர்களும் இதே வேஷத்தில் வருவார்கள். வாட்ஸ்ஆப்பில் ஏபிகே கோப்பை அனுப்பி இன்ஸ்டால் பண்ணச் சொன்னாலோ, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டாலோ, டெஸ்டராகச் சேர 'டெபாசிட்' கட்டச் சொன்னாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலைப் பட்டியல் போடும் சாஃப்ட்வேருக்கு உங்கள் ஓடிபி எதற்கு? கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் என்றால், முக்கியமான கோப்புகள் இல்லாத பழைய மெஷினிலோ விர்ச்சுவல் மெஷினிலோ ஓட்டிப் பார்ப்பது பாதுகாப்பு.

ஆள் தேடுபவருக்கும் கடமை உண்டு. எவ்வளவு நேரம் செலவாகும், எத்தனை நாள் நடக்கும், எந்தப் பகுதி இன்னும் அரைகுறை, தகவல் அழிந்துபோக வாய்ப்பு இருக்கிறதா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜிமெயில் 2004 முதல் 2009 வரை 'பீட்டா' பலகையோடுதான் இருந்தது. கூகுளுக்கு அது சரிப்பட்டது. தனி ஆள் முடிவு தேதி இல்லாமல் 'பீட்டா, பீட்டா' என்று இழுத்தால், வந்தவர்கள் இரண்டாவது வாரமே நழுவிவிடுவார்கள்.

குறையை எப்படிச் சொல்வது?

"வேலை செய்யல" என்று மட்டும் எழுதினால் எழுதியவருக்கு எதுவுமே புரியாது. என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது, இந்த மூன்றும் இருக்கணும். "புது வேலை சேர்த்தேன், கடைசித் தேதியை 31/06 என்று தப்பாகப் போட்டேன், தடுக்கும் என்று நினைத்தேன், அப்படியே சேமித்துவிட்டது" என்று எழுதினால் அவர் உடனே அதே தப்பைச் செய்து பார்ப்பார். போன் மாடல், ப்ரவுசர், ஒரு ஸ்க்ரீன்ஷாட் கூடவே இருந்தால் வேலை இன்னும் சுலபம். எங்கே குழம்பி நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'நமக்குத்தான் தெரியலையோ' என்று வெட்கப்பட்டு விட்டுவிடும் இடங்கள்தான் அவருக்கு அதிகம் தேவை.

சோதனை முடிந்ததும் உங்கள் கணக்கையும் அதில் போட்ட தகவலையும் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேறு எங்கும் பயன்படுத்தும் பாஸ்வேர்டை அங்கே கொடுத்திருந்தால், அதற்காகக் காத்திருக்காமல் இன்றே மாற்றிவிடுங்கள்.