உங்கள் துணிச்சல், யாருடைய வெற்றி?

1939 செப்டம்பர். பிரிட்டன் போரில் இறங்கிய சில நாட்களில் ஊரெங்கும் ஒரு சிவப்புப் போஸ்டர் முளைத்தது. படம் கிடையாது. மேலே மன்னரின் கிரீடம், கீழே வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம். அதைத் தமிழில் எழுதப் போனால் பாதியில் கை நின்றுவிடும்.

‘உங்கள் துணிச்சல், உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி’ வரை சிக்கல் இல்லை. அடுத்து, வெற்றி ‘நமக்கு’ வருமா, ‘எங்களுக்கு’ வருமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எழுதிய அதிகாரிகள் ‘நமக்கு’ என்றுதான் நினைத்திருப்பார்கள். தெருவில் நின்று படித்தவர்களில் பலர் காதில் அது ‘எங்களுக்கு’ என்றே விழுந்தது. சாகிறது நாங்க, ஜெயிக்கிறது நீங்களா? முதல் உலகப் போரில் அப்பனையும் அண்ணனையும் பறிகொடுத்த ஜனங்கள் வேறெப்படிப் படிப்பார்கள்? மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதிவந்த மாஸ் அப்சர்வேஷன் அமைப்பின் பதிவுகளிலும் இந்த எரிச்சல் உண்டு.

இன்னொன்று, போர் தொடங்கியதும் குண்டுமழை பொழியும் என்று எதிர்பார்த்துத்தான் தகவல் அமைச்சகம் இவற்றைத் தயாரித்தது. மாதக்கணக்கில் லண்டன் மீது குண்டே விழவில்லை. ஒன்றும் நடக்காத ஊரில் ‘தைரியமா இரு’ன்னு சொன்னா யாருக்குத்தான் கோபம் வராது?

ஒப்பிட்டால் ‘வெற்றிக்காகத் தோண்டு’ பிரசாரம் எவ்வளவோ மேல். அது யாருடைய மனசையும் திருத்தப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடு, காய்கறி போடு, அவ்வளவுதான். லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது.

அந்த வரிசையில் மூன்றாவதாக ஒரு போஸ்டர் இருந்தது. இன்று கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் பார்க்கிறோமே, அதேதான்: ‘பதறாமல் வேலையைப் பாருங்கள்.’ சுமார் 25 லட்சம் பிரதிகள் அச்சடித்து, பெரும் தாக்குதல் வந்தால் ஒட்டலாம் என்று கட்டிவைத்தார்கள். 1940 ஏப்ரலில் காகிதத் தட்டுப்பாடு. பெரும்பாலானவற்றைக் கூழாக்க அனுப்பிவிட்டார்கள். லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது அந்த செப்டம்பரில்!

ஆக, பதுங்குகுழிகளில் இரவைக் கழித்த தலைமுறையின் நெஞ்சுரத்துக்கு அடையாளமாக இன்று விற்கப்படும் வாசகத்தை அந்தத் தலைமுறையில் அநேகமாக யாருமே பார்த்ததில்லை. 2000இல் வட இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில், பழைய ரயில் நிலையத்தில் நடக்கும் ஒரு பழைய புத்தகக் கடையில், ஏலத்தில் எடுத்த பெட்டியின் அடியில் ஒரு பிரதி மடித்துக் கிடந்தது. ஃப்ரேம் போட்டுக் கல்லாப்பெட்டி பக்கம் மாட்டினார்கள். வந்தவர்களெல்லாம் விலை கேட்கவே, நகலெடுத்து விற்க ஆரம்பித்தார்கள்.